ஜேர்மன்காரியின் வதிவிடம்

அவரை நான் முதலில் கண்டது நிவாரணப் பதிவு வரிசையில். சண்டையில் கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்து துணுக்காய்ப் பக்கம் வந்து மரங்களின் கீழ் குந்தியிருந்த காலம். ஒரு பாடசாலை மண்டபத்தில் கிராம சேவகர் மேசை போட்டு குடும்ப அட்டைக்கு விபரம் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாரிடமும் ஒரே கேள்வி: வேறு வருமானம் உண்டா? எல்லாரும் ஒரே பதில்: இல்லை. இரண்டு உழவு இயந்திரம் வைத்திருந்தவர்கூட இல்லை என்று சொல்லி, கேட்டவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுப் போனார். அது ஒரு மரியாதை. கேட்கவேண்டியது அவர் கடமை, இல்லை என்பது எங்கள் கடமை.

அந்தப் பெண்ணின் முறை வந்தது. ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்து வரை வெட்டிய தலைமுடி, தோளில் ஒரு துணிப்பை.

"வேறை வருமானம் ஏதும்?"

"ஓம். ஜேர்மனியிலை இருந்து விதவைப் பென்சன் வருது."

கிராம சேவகர் பேனையை மேசையில் வைத்தார். "அம்மா, நான் சும்மா கேட்டனான்."

"கேட்டால் சொல்லத்தானே வேணும்."

அவருக்கு நிவாரணம் இல்லை என்று ஆனது. அது பெரிய விடயமில்லை. பெரிய விடயம் என்னவென்றால், ஒருவர் உண்மை சொல்லிவிட்டதால் கிராம சேவகர் மற்றவர்களையும் இரண்டாம் தடவை கேட்கவேண்டி வந்தது. அன்று வரிசையில் நின்ற அவ்வளவு பேரும் அவருடைய முதுகைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அன்றே அவருக்கு ஜேர்மன்காரி என்று பெயர் விழுந்தது.

நான் மாவட்டச் செயலகமான கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். சுற்றறிக்கைகளோடு வாழ்ந்தவன். ஒரு படிவத்தில் எந்த இடத்தை நிரப்பவேண்டும், எதை வெறுமையாக விடவேண்டும், எங்கே கையெழுத்து விளங்காமல் போடவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இடம்பெயர்ந்த பிறகும் சனம் என்னைத் தேடி வந்தது: தொலைந்த பிறப்புப் பத்திரம், எரிந்த காணி உறுதி, செத்துப்போனவரின் சேமலாப நிதி. ஆகவே அவரும் வந்தார். அவர் வந்த முதல் நாளே இவரிடம் கவனமாக இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன். ஏனென்றால் அவர் கொண்டு வந்த கோவை அவ்வளவு ஒழுங்காக இருந்தது. ஒவ்வொரு தாளிலும் இரண்டு துளை, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிற மட்டை. தறப்பாள் கொட்டிலில் இருந்துகொண்டு அப்படி ஒரு கோவை வைத்திருப்பவர் ஆபத்தானவர்.

அவருடைய கதை சுருக்கமானது. கணவர் ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, அங்கேயே மாரடைப்பில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அரசும் இயக்கமும் சமாதானம் பேசிய சில மாதங்களில் சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்கக் கொண்டுவந்தவர் தமையனோடு கிளிநொச்சியில் தங்கிவிட்டார். பிறகு சண்டை தொடங்கியது. இப்படி வந்து அகப்பட்டவர்கள் வேறும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் அங்கே ஒரு மச்சானின் வீட்டு விலாசத்தில் பெயரை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அரசாங்கத்தின் கண்ணுக்கு அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். இவரோ புறப்படுவதற்கு முன் நகரசபைக்குப் போய், நான் இந்த ஊரை விட்டுப் போகிறேன் என்று எழுதிக்கொடுத்து, பதிவை நீக்கி, அதற்கு ஒரு சான்றிதழும் வாங்கி வந்திருந்தார்.

"ஏன் பிள்ளை அப்படிச் செய்தனீங்கள்?"

"அங்கை அதுதான் சட்டம், ஐயா. வீடு மாறினால் சொல்லவேணும்."

"எத்தினை பேர் சொல்லுகினம்?"

"அது எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தானே நான் சொல்லலாம்."

பதிவு போனதோடு அரை வருடத்தில் வதிவிட அனுமதியும் காலாவதியானது. திரும்பிப் போவதற்கு வழியில்லை. ஓய்வூதியம் மட்டும் அங்கே அவருடைய வங்கிக் கணக்கில் மாதாமாதம் விழுந்தது. அதை வவுனியாவில் உள்ள ஒரு வங்கிக்கு அனுப்புவார்கள். பயண அனுமதிப் பாஸ் எடுத்துப் போய் இவர் பெற்றுவருவார். அந்தக் காசில்தான் இன்சுலின். சீனி வருத்தக்காரி. காலையும் மாலையும் ஊசி போடவேண்டும். வவுனியாவில் வாங்கி, அனுமதிக் கடிதத்தோடு கொண்டுவந்து, ஈர மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து வைத்திருந்தார். காசு நின்றால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதையும் யாரும் கேட்காமலே கூட அவர் சொல்லிவிடுவார், எத்தனை வாரம் தாங்கும் என்ற கணக்கோடு.

ஊர் அவருக்குப் பயந்தது. நான் மிகைப்படுத்தவில்லை. வன்னிக்குள் பற்றரி கொண்டுவர ஆமியின் தடை இருந்தது. சனம் அதைப் பாண் ரொட்டிக்குள் வைத்தது, குழந்தையின் சட்டைக்குள் வைத்தது, சவர்க்காரத்தைக் குடைந்து வைத்தது. ஒருமுறை வவுனியாவிலிருந்து திரும்பி வரும்போது ஆமிக்காரன் வேறு ஏதும் உண்டா என்று வழக்கம்போல வாய்க்குள் முணுமுணுத்துக் கேட்டான். இவர், "ஓம், ரோச் லைற்றுக்கு ரெண்டு பற்றரி கிடக்கு" என்று எடுத்து மேசையில் வைத்தார். அவன் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பின்னால் நின்றவர்களின் பாண் அத்தனையும் அன்று பிய்க்கப்பட்டது. அதன் பிறகு சோதனைச் சாவடி வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் எப்போதும் ஓர் ஆள் இடைவெளி இருக்கும்.

வன்னியை அப்போது ஆண்ட இயக்கத்தின் நிர்வாகத்திலிருந்து ஒருவர் கணக்கெடுக்க வந்ததும் இப்படித்தான். வீடு வீடாகக் கேட்டு வந்தவர் இவருடைய கொட்டிலில் சைக்கிளை நிறுத்தினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அக்கா, வெளிநாட்டிலை ஆக்கள் இருக்கினமோ?"

"ஆக்கள் இல்லைத் தம்பி. பாங்கிலை காசு கிடக்கு."

முற்றத்தில் நின்ற தமையனின் கையிலிருந்து மண்வெட்டி விழுந்தது. வந்தவருக்கே கொஞ்சம் சங்கடம். இப்படி ஒரு பதிலுக்கு அவருடைய படிவத்தில் நிரல் இருக்கவில்லை போலும். பிறகென்ன, வருமானத்துக்கு ஏற்ற வரி வந்தது. இவர் கட்டினார். பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சடித்த பற்றுச்சீட்டு, மேலே இயக்கத்தின் சின்னம், கீழே ஊதா முத்திரை. அதற்கும் இரண்டு துளை போட்டுக் கோவையில் வைத்தார்.

"நம்பர் எல்லாம் ஒழுங்காய்ப் போட்டுத் தாறாங்கள், ஐயா. அங்கையும் இப்பிடித்தான்."

தமையன் என்னிடம் சொன்னார்: "உவள் ஊமையாய்ப் பிறந்திருந்தால் எங்கடை குடும்பம் நிம்மதியாய் இருந்திருக்கும்."

பிறகு ஒரு நாள் ஜேர்மனியில் இருந்த வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அவர் ஜேர்மன் மொழியில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார். சாரம் இதுதான்: நீங்கள் இந்த நாட்டில் வசிக்கவில்லை என்று நீங்களே அறிவித்திருக்கிறீர்கள். அப்படியானால் எந்த நாட்டின் வரிக்கு உட்பட்டவர்? அந்த நாட்டு வரி அலுவலகத்தின் அத்தாட்சியை அனுப்புங்கள். அதுவரை கணக்கிலிருந்து பணம் அனுப்ப இயலாது.

உலகத்தில் வரி கட்டாமல் தப்ப வழி தேடி என்னிடம் வந்தவர்கள் அநேகர். வரி கட்டுகிறேன் என்று நிரூபிக்க வழி தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். நான் நடைமுறையை விளக்கினேன். வரி அலுவலகம் கொழும்பில். அங்கே கோவை திறக்க நிரந்தர விலாசம் வேண்டும். விலாசத்துக்குக் கிராம சேவகரின் அத்தாட்சி வேண்டும். இங்கிருந்து போகும் அத்தாட்சியை அங்கே இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இங்கே ஒரு பாஸ், திரும்பி வருவதற்குப் பிணையாக ஓர் ஆள், வவுனியாவில் இன்னொரு பாஸ், கொழும்புக்கு வேறொன்று. எல்லாம் முடிவதற்கிடையில் முதல் பாஸ் முடிந்திருக்கும்.

"அப்ப நான் எங்கை இருக்கிறன் எண்டு ஆர்தான் சொல்லுறது?" என்று கேட்டார்.

"பாப்பம், பிள்ளை" என்றேன். எல்லா நடைமுறையும் தெரிந்தவர்கள் கடைசியில் சொல்வது அதுதான்.

என் ஓய்வூதியமும் வவுனியாவில்தான். ஆகவே அந்தத் தடவை இருவரும் சேர்ந்து போனோம். அவரோடு போகாதே என்று என் மனைவி சொன்னாள். நான் பாஸை மடியில் செருகிக்கொண்டு புறப்பட்டேன்.

இயக்கத்தின் கடைசிக் காவலரணைத் தாண்டினால் ஒரு வெளி. அதில் யாரும் பேசுவதில்லை. சைக்கிள்கள் உருளும் சத்தம், செருப்புச் சத்தம், அவ்வளவுதான். அப்பால் ஆமியின் தகரக் கொட்டகை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, நடுவில் ஒரு கயிறு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் வெற்றிலை போட மடியை அவிழ்த்தேன். பயத்தில் வாய் வறண்டால் எனக்கு அதுதான் மருந்து. கயிற்றுக்கு மறுபக்கம் நின்றவர் ஒரு கடித உறையை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, பாங்குக்கு எழுதியிட்டன். விலாசம் சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"வரி அத்தாட்சி இல்லாமல் என்னத்தை எழுதினனீங்கள்?"

"அத்தாட்சி வைச்சிருக்கிறன்."

உறையைத் திறந்தேன். கடிதத்தோடு மடித்து வைத்திருந்தது, ஊதா முத்திரையும் சின்னமும் போட்ட அந்தப் பற்றுச்சீட்டு. என் கையில். ஆமியின் மேசைக்கு முன்னால்.

யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது தர்க்கத்துக்குச் சரி. எந்த இடத்தில் வரி கட்டுகிறாய் என்று கேட்டார்கள். அவர் உண்மையில் வரி கட்டிய ஒரே இடத்தின் பற்றுச்சீட்டை வைத்திருந்தார். ஆனால் அந்தத் தாளோடு அகப்பட்டால் கேள்வி தர்க்கத்தில் தொடங்காது. அப்படி ஒரு துண்டு பொக்கற்றில் மறந்து கிடந்ததற்காகக் கொண்டுபோகப்பட்ட ஒரு தபால் ஊழியரை எனக்குத் தெரியும். அவருடைய மனைவி அனுப்பிய மனுக்களை எழுதிக்கொடுத்தவனே நான்தான். பதினேழு மனு எழுதியும் ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

எறிய முடியாது. கண்கள் எங்கும் இருந்தன. கிழித்தால் துண்டுகள் பறக்கும். எனக்கு முன்னால் நாலைந்து பேர்தான்.

"பிள்ளை, என்ன காரியம் பண்ணியிருக்கிறியள்?"

"ஏன், ஐயா? வேறை ஆர் எனக்கு வரித்துண்டு தந்தது?"

அரச ஆவணம் ஒன்றை அழிப்பதற்கு மூன்று உத்தியோகத்தர் கொண்ட சபை கூடவேண்டும், எழுத்து மூலம் அனுமதி வேண்டும், சாட்சி வேண்டும். அந்தச் சுற்றறிக்கை எனக்குப் பாடம். நான் கடித உறையை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலையை உள்ளங்கையில் விரித்து, சுண்ணாம்பு தடவி, அந்தத் துண்டை நாலாக மடித்து உள்ளே வைத்து, பாக்கும் புகையிலையும் சேர்த்து வாய்க்குள் போட்டேன்.

"ஐயா, அது ஒறிஜினல்" என்றார் அவர்.

மென்றேன். கொப்பித்தாள் வெற்றிலையைப்போல இலகுவில் அரைபடாது. ஒரு பந்தாகத் திரண்டு கன்னத்தில் ஒதுங்கியது. மை கசந்தது. மேசைக்கு வந்துவிட்டேன். பெண்களின் பைகளையும் அங்கேதான் கொட்டினார்கள். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் இருந்தார். என் பையைப் பார்த்து முடித்தார். பிறகு ஜேர்மன்காரியைப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லயா?"

இதற்குத்தான் நான் பயந்தேன். எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. யாரும் பதில் சொல்லாத கேள்வி.

"ஒரு துண்டு இருந்தது" என்றார் அவர். "இப்ப இல்லை. இந்த ஐயா சாப்பிட்டிட்டார்."

பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் துவக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்தான். அவனுக்கு விடயம் விளங்கியதா, தோள் நொந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"வெத்திலயா? துப்பு. இங்க துப்பு."

ஒரு மண் நிரப்பிய ரின்னைக் காட்டினார். நான் விழுங்கினேன். தாள், பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாவற்றையும். தொண்டையில் அது இறங்கிய விதம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. கண் இருண்டது. நெற்றியில் வியர்வை கொட்டியது. வாயைத் திறந்து காட்டினேன்.

"என்ன துண்டு?" என்று பொலிஸ்காரர் மறுபடி கேட்டார்.

ஜேர்மன்காரி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கணமே நான் மேசையைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன். அதன் மேல் பொலிஸ்காரரின் பதிவுப் புத்தகம் விரித்துக் கிடந்தது. அவர் புத்தகத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பினார்.

"போ. போ. கெழவனக் கூட்டிட்டுப் போ."

இருவரும் நடந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு, முகாமின் கடைசி முட்கம்பி தாண்டும்வரை நான் வாந்தியை அடக்கினேன். பிறகு ஒரு பாலை மரத்தின் பின்னால் போனேன். வந்ததை மண் போட்டு மூடினேன், காலால் அல்ல, கையால்.

வவுனியா பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, அவன் அந்தத் துண்டைக் கண்டிருந்தால் உங்களை என்ன செய்திருப்பாங்கள்?"

நான் சொன்னேன். தபால் ஊழியருக்கு நடந்ததைச் சொன்னேன். அவருடைய மனைவியைப் பற்றிச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

"உங்களையுமோ? நீங்கள் வயசு போன ஆள்."

"வயசு கேக்கிற நிரல் அந்தப் படிவத்திலை இல்லை, பிள்ளை."

அவர் தன் கைகளைப் பார்த்தார். அவை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. "சீனி குறைஞ்சிட்டுது போலை" என்று ஒரு இனிப்பை எடுத்து வாயில் போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போட்டார். நடுக்கம் நிற்கவில்லை.

வவுனியா வங்கியில், ஜேர்மன் வங்கிக்கு அனுப்பப் புதுப் படிவம் எடுத்தோம். அவரை எழுத வைத்தேன். பெயர், கணக்கிலக்கம், பிறந்த திகதி. வதிவிடம் என்ற இடத்தில் பேனை நின்றது.

"வெள்ளவத்தையிலை என்ரை மருமகன் இருக்கிறான். அவன்ரை விலாசத்தை எழுதுங்கோ. அங்கை உங்கடை பேரிலை வரிக் கோவை ஒண்டு திறக்கலாம். வரி கட்டுறன் எண்டு வாறவரை ஆரும் துரத்தமாட்டினம். அத்தாட்சியை அவன் எடுத்து அனுப்புவான்."

"நான் ஒருநாளும் அங்கை இருக்கேல்லை."

"தெரியும்."

"பொய்யெல்லோ, ஐயா?"

"நடைமுறை, பிள்ளை."

கேட்டால் உள்ளதைத்தான் சொல்லவேணும் என்ற வழக்கமான பதிலைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கதவடியில் காவலுக்கு நின்ற ஆமிக்காரனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். கையெழுத்துப் போட்டார். முகாமையாளர் அடையாளத்தை உறுதிப்படுத்தி முத்திரை குத்தினார். என் வாழ்நாளில் நான் தயாரித்த மிகத் திறமான விண்ணப்பங்களில் அதுவும் ஒன்று. ஒரு ஓட்டை இல்லை.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுமுன் கேட்டவரின் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார். யாராவது சைக்கிளில் வந்தால் கொட்டிலுக்குள் போவார். நிற மட்டைக் கோவையைத் தமையனிடம் கொடுத்துக் கிணற்றடியில் புதைக்கச் சொன்னார். ஊருக்கு ஆறுதல். ஓர் ஆள் திருந்திவிட்டார் என்றே பேசிக்கொண்டார்கள். எங்களைப்போல ஆகிவிட்டார் என்பதுதான் அதன் பொருள்.

மாரி தொடங்கிய பிறகு பதில் வந்தது. கொழும்பு போய், அங்கிருந்து யாரோ ஒரு ஆசிரியரின் கையில் எங்களிடம் வந்து சேர்ந்தது. அவர் அதை என் முன்னால் வாசித்தார். முதலில் வாய்க்குள், பிறகு எனக்குத் தமிழில். விலாசத்தை ஏற்றுக்கொள்கிறோம். வரி அத்தாட்சி முறையாக இருக்கிறது. ஆனால் படிவத்தில் உள்ள கையெழுத்து எங்களிடமுள்ள மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தவில்லை. உங்கள் பணத்தின் பாதுகாப்புக் கருதிக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. கடவுச்சீட்டோடு கிளைக்கு நேரில் வரவும்.

"நேரிலை" என்றேன்.

"விசா இல்லை, ஐயா."

"தெரியும்."

அவர் கடிதத்தை மடித்தார். "நான் இல்லாத விலாசத்தை நம்பிட்டாங்கள். என்னைத்தான் நம்பேல்லை."

மருந்து எவ்வளவு காலத்துக்குக் கிடக்கிறது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவர்களுடைய கொட்டிலுக்குப் போனேன். பழைய கடவுச்சீட்டைத் திறந்து, கையெழுத்துப் பக்கத்தின் மேல் ஒரு கல்லை வைத்திருந்தார். மாவு உறை ஒன்றை வெட்டி விரித்து, அதில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தன் பெயரைப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக, கள்ளக் கையெழுத்துப் போடுபவர்கள் போடுவதுபோல. உறையின் ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. மேலே தொடங்கியவை ஓரளவு ஒத்திருந்தன. கீழே வரவர அவை வேறு யாரோ ஒருவருடையவை.

வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒன்றைப் போட்டு என்னிடம் காட்டினார்.

"இது சரியோ, ஐயா?"

"சரிதான், பிள்ளை" என்றேன்.

அவர் உறையை மறுபக்கம் திருப்பினார்.